குதிகால் முதல் முழங்கால் வரை

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அம்மாவுக்காக எழுதுகிறேன்.

போன் செய்திருக்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வரும், மூன்றாவது நிமிஷம் நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் என்றால் வாயில் வந்ததை அடித்துவிட்டு வேறு எழுதலாம். இதிலேயே இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன், பார்.

டிசம்பரில் அம்மாவுக்கு வலது காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி. உனக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் இனி ஆயுசுக்கும் பகல் முழுக்க அந்த இறுக்கமான காலுறை போட்டே ஆகவேண்டுமாம். கழற்றிப் போட்டால் மறுபடியும் கட்டிக்கொள்ளுமாம். இங்கே கடையில் இருப்பதெல்லாம் நெட்டைக்காலிகளுக்குத் தைத்தது. அம்மாவுக்கு மாட்டினால் மிச்சம் இடுப்பு வரை வரும்.

நீ இருக்கும் ஃபேக்டரி இந்தக் காலுறையைத்தான் செய்கிறது என்று அம்மா நர்ஸிடம் பெருமையாகச் சொன்னாள். "என் சின்னவ செய்றாம்மா, ஆஸ்பத்திரிக்கே அனுப்புறாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். நேற்று வேலை முடிந்து வந்ததும் டேப் வைத்து அளந்தேன். கணுக்கால் 26, கெண்டைக்கால் 38, குதிகாலிலிருந்து முழங்கால் வரை 36. எல்லாம் சென்டிமீட்டர். அனுப்ப முடிந்தால் அனுப்பு, முடியாவிட்டால் பரவாயில்லை.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே நீராவி அறை, அதே தகரக்கால் வரிசை. எந்திரத்திலிருந்து சுருண்டு வரும் ஸ்டாக்கிங்ஸை எடு, சூடான தகரக்காலில் மாட்டு, மிதியை மிதித்து ஆவி விடு, உருவு. நாள் முழுக்க யாரோ சீமாட்டியின் காலுக்கு அழகு தேய்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் என் கால் எனக்குப் பாரம்.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

டிசம்பரில் அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை பிப்ரவரியில் எனக்குச் சொல்கிறாய். சொல்லி என்ன ஆகும் என்று நீயே கேள்வி கேட்டு நீயே பதிலும் எழுதிக்கொண்டாய். எப்போதும் இப்படித்தான். சரி, இதில் சண்டை வேண்டாம்.

ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். காலையில் அம்மா படுக்கையை விட்டு இறங்கும் முன்னால், பாதம் தரையில் படும் முன்னால் மாட்டிவிடவேண்டும். குதிகால் வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவிக்கொண்டு போ. முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழக்கூடாது. கையால் துவைத்து நிழலில் காயப்போடு. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தினமும் யாராவது ஒரு நோயாளிக்கு இதையே எழுதி எழுதிப் பழகிவிட்டது.

இங்கே எனக்குச் சோதனைக் கூடத்தின் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மெல்லிய ஸ்டாக்கிங்ஸும் இங்கே போடுகிறார்கள், அதற்கு நாற்பது பெண்கள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் கையை விட்டு, விரலை விரித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். அதனால் காலை மணி அடித்ததும் நான் கை பார்க்கிறேன். அதேதான், உன் ஃபேக்டரியில் நம் கையைப் பார்ப்பார்களே, அது போலவேதான். ஒரு துண்டு ஸ்டாக்கிங்ஸை ஒவ்வொருத்தியின் உள்ளங்கையிலும் புறங்கையிலும் இழுத்துப் பார்ப்பேன். இழை மாட்டினால் அன்றைக்கு அவள் பேக்கிங்குக்குப் போகவேண்டும். மூன்று நாள் தொடர்ந்து மாட்டினால் அங்கேயேதான். உன்னை நீராவி அறைக்கு அனுப்பிய அதே துண்டு இப்போது என் கையில் இருக்கிறது. எனக்கு அது மறந்துபோயிற்று என்று நினைக்காதே.

நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாய். "உன் கை மெத்துன்னு இருக்கணும்னு என் கையத் தேச்சேன்டி. இத்தன வருஷத்துல உன்ன ஒரு பாத்திரம் தொட விட்டிருக்கேனா?" என்றாய். நான் "நான் கேட்டேனா?" என்றேன். மூன்று வருஷமாக நம் இரண்டு பேருக்கும் நடுவில் அதுதான் கடைசிப் பேச்சு. அதைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அது பொய்யும் இல்லை அக்கா. நான் கேட்கவில்லை.

அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

சின்னவள்


பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

நீ அனுப்பிய காலுறை காலை பதினொரு மணிக்கெல்லாம் இறங்கிக் கணுக்காலில் உட்கார்ந்துகொள்கிறது. இறுக்கமான காலுறையாம்! என் பழைய ரவிக்கை கூட இதைவிட இறுக்கிப் பிடிக்கும். பெட்டியில் ஃபேக்டரி சீட்டும் இல்லை. கழிவுக் குவியலில் இருந்து எடுத்து அனுப்பினாயா? கழிவு இங்கேயே வேண்டிய மட்டும் கிடக்கிறது. நம் வீட்டுத் தலையணை எல்லாம் அதுதான், வெங்காயம் தொங்குவதும் அதில்தான், ஜன்னல் இடுக்கில் காற்று வராமல் அடைத்திருப்பதும் அதுதான். அம்மாவின் காலுக்காவது நல்லதாக ஒன்று வரும் என்று நினைத்தேன்.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "சின்னவ அனுப்புனது, வழுக்குனா வழுக்கட்டும். நான் இழுத்து விட்டுக்கறேன்." நான் அனுப்பியிருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இரண்டாம் நாளே என் கட்டைவிரல் நகம் பட்டு ஓர் இழை வெளியே வந்துவிட்டது. என் கை அப்படி. அதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மாட்டுவதற்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, காலைத் தரையில் படவிடாமல் என் மடியில் வைத்துக்கொண்டு, நான் கீழே உட்கார்ந்து இழுக்கிறேன். அப்போது என் தலை அவள் கைக்கு எட்டுகிறது. முந்தாநாள் தடவிக் கொடுத்தாள். நானும் உருகிப்போய் அசையாமல் இருந்தேன். அப்புறம் "ரொம்ப நரைச்சிட்டியேடி" என்றாள். கீழே உட்கார்ந்தவள் எழுந்திருக்க இப்போதெல்லாம் கட்டில் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வயசு ஆகிறதல்லவா.

நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்த்தபோது அம்மா அவளிடம் அந்தப் போட்டோவைக் காட்டினாள். கல்யாணம் ஆன புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பா ஆசைப்பட்டு மாடிவீட்டுத் தையல்காரர் மனைவியிடம் ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸ் இரவல் வாங்கிவந்தார் அல்லவா, அது. ஒரு காலில் இழை ஓடியிருந்ததால் அந்தக் காலை நாற்காலிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒரு நாள் தாம்மா போட்டேன். ரெண்டு பொண்ணும் ஸ்டாக்கிங்ஸ் கம்பெனிக்கே போனாங்க, ஒருத்திகூட போட்டுக்கல" என்று சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் வேலைக்கு லேட். மேஸ்திரி மூன்று தடவை முறைத்துவிட்டார், நாலாவது தடவை வாயைத் திறப்பார்.

வேறு அனுப்புவதானால் நல்லதாக அனுப்பு.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

அது கழிவு இல்லை. நானே நின்று பின்னவைத்து, நானே பார்த்து அனுப்பியது. கணக்கில் காட்டாமல் தனியாக எடுத்ததால்தான் சீட்டு இல்லை. ஆனால் காலுறை சரியில்லை என்பது உண்மை. காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. "வேலை முடிந்து வந்ததும் அளந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும். வீக்கத்தை அளந்து காலுறை போட்டால் காலையில் அது தொளதொளவென்றுதான் இருக்கும். காலையில், படுக்கையில் வைத்தே அளக்கவேண்டும். இருபத்திரண்டு வருஷம் காலுறையோடு கிடப்பவளுக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது. நீ எழுதியதைப் படித்ததுமே நான் கவனித்திருக்கவேண்டும், நானும் கவனிக்கவில்லை. அதனால் பாதித் தப்பு என்னுடையது.

எங்கள் ஃபேக்டரி அளவுச் சீட்டு வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பு. இரண்டு காலையும் தனித்தனியாக அள. கூடவே ஒரு ஜோடி ரப்பர் கையுறை இருக்கிறது, பாத்திரம் தேய்க்கப் போடுவார்களே, அதுதான். அதைப் போட்டுக்கொண்டு மாட்டினால் நகம் படாது, பிடியும் நன்றாகக் கிடைக்கும். நோயாளிகள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறோம். குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன வாரம் ஒன்று நடந்தது. சோதனைக் கூடத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். மூன்றாவது நாளாக அவள் கையில் இழை மாட்டியது. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை, துணி அலசி அலசிக் கை வெடித்திருக்கிறது. நான் பேக்கிங் என்று எழுதினேன். எழுதித்தானே ஆகவேண்டும்? அவள் சண்டை போடவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு நல்லா இருக்கு. உங்க வீட்டுல யாரு பாத்திரம் தேய்க்கிறாங்க?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள், குத்தலாகக்கூட இல்லை. நான் ஒற்றை அறையில் இருக்கிறேன், கேன்டீனில் சாப்பிடுகிறேன், தேய்ப்பதற்குப் பாத்திரமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். "எங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

சின்னவள்


மார்ச் 19

சின்னவளுக்கு,

சீட்டு நிரப்பி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டு ஜோடி தேவை, ஒன்று காலில், ஒன்று கொடியில். வீக்கம் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. அதனால் ஒரு ஜோடிக்கு ஒரு சீட்டும், இன்னொரு ஜோடிக்கு வேறொரு நாள் அளந்த சீட்டும் வைத்திருக்கிறேன். கூடுதல் சீட்டு இல்லாததால் இரண்டாவதை நோட்டுத்தாளில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். இரண்டும் காலையில் அளந்ததுதான், போதுமா? அந்தந்தச் சீட்டில் உள்ளபடியே போட்டு அனுப்பு. உன் மூளையைச் செலவழிக்காதே.

கையுறை நன்றாக இருக்கிறது. இப்போது பன்னிரண்டு நிமிஷத்தில் மாட்டிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களா?

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

இல்லை. அவள் இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறாள்.

உன் இரண்டு சீட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் சீட்டு சரி. வலது கணுக்கால் 23, குதிகால் முதல் முழங்கால் வரை 36. அம்மாவின் கால்தான். அந்த இரண்டு ஜோடியையும் இந்த அளவிலேயே போட்டு இதோடு அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது சீட்டில் குதிகால் முதல் முழங்கால் வரை 42 என்று எழுதியிருக்கிறாய். ஏன் அக்கா, ஒரே வாரத்தில் அம்மா ஆறு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாளா? வீக்கம் காலைப் பருக்கவைக்கும். எலும்பை நீட்டாது.

அம்மாவுக்கு வீக்கம் வலது காலில். இந்தச் சீட்டில் வலது கணுக்கால் 23, இடது 29. அதுவும் காலையில், படுக்கையை விட்டு எழும் முன்னால். நான் தினமும் நூறு அளவுச் சீட்டுப் பார்க்கிறவள். முகம் பார்த்து ஆளைச் சொல்வது போல எனக்கு இது. அந்த நீராவி அறையில் நானும் ஒரு மாதம் நின்றேன், ஆரம்பத்தில், உனக்கு ஞாபகம் இருக்கும். வலது காலால் மிதியை மிதிக்கவேண்டும். அதனால் உடம்புப் பாரம் முழுக்க இடது காலில் நிற்கும். ஒரு மாதத்திலேயே என் இடது கால் கனத்தது. நீ இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாய்.

இது உன் கால். கேட்கிறதற்கு நேராகப் பதில் எழுது. எத்தனை நாளாக இப்படி? தோல் கறுத்திருக்கிறதா? புண் இருக்கிறதா? புண் இருந்தால் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் எந்தக் காலுறையையும் மாட்டாதே. அதனால்தான் அந்த அளவில் போட்டு அனுப்பவில்லை, கோபத்தில் இல்லை.

சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

பொய் சொல்ல எனக்கு வந்தது. அளவைப் பொய்யாக எழுதக் கை வரவில்லை. நீளம் தப்பாகப் போனால் முழங்காலுக்குப் பின்னால் மடிந்து தோலை அறுக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியுமே. அதுதான் மாட்டிக்கொண்டேன்.

புண் இருக்கிறது. உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே, என் கட்டைவிரல் அகலம். தீபோல எரியும். நாலு மாதமாக ஆறவில்லை. கழிவு ஸ்டாக்கிங்ஸைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. நான் நொண்டுவதைப் பார்த்து "குண்டாயிட்டே, நடையைக் குறைச்சுக்காதே" என்கிறாள்.

நர்ஸம்மாதான் கண்டுபிடித்தாள். அம்மாவைப் பார்க்க வந்தவள் தரையில் புண் கசிந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு என் புடவையைத் தூக்கச் சொன்னாள். "உங்கம்மாவுக்கு அப்புறம் பார்க்கலாம், முதல்ல உங்களப் பார்க்கணும்" என்று கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கெட்டுப்போன ரத்த நரம்பை மூடவேண்டும், அதற்கு அப்புறம் ஒரு மாதம் காலை உயரத் தூக்கி வைத்துப் படுக்கவேண்டும் என்றார் டாக்டர். இப்படியே நின்றுகொண்டிருந்தால் புண் ஆழமாகப் போகும், அப்புறம் காலே நமக்கில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதம் நான் படுத்தால் அம்மாவுக்கு யார் காலுறை மாட்டுவது, யார் குளிப்பாட்டுவது, யார் துவைப்பது? "யாராவது இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஒரு காலுறை போட்டுக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

நீ இப்போது மூட்டை கட்டிக்கொண்டு வரவேண்டாம். வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் சோப்புத் தண்ணியில் நின்றால் உன் கை என் கையாகிவிடும். திரும்பிப் போனால் துண்டை எடுத்து இழுத்துப் பார்ப்பார்கள், இழை மாட்டும், நாற்பது பேருக்கு முன்னால் நீ பேக்கிங்குக்குப் போவாய். அதற்கா நான் இத்தனை வருஷம் பார்த்தேன்? நீ கேட்கவில்லைதான். எனக்கே தெரியும். எனக்குப் பிள்ளையா குட்டியா, படிப்பா? என் ஆயுசில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை உன் கை. அதையும் கெடுத்துக்கொண்டு வந்து நிற்காதே.

ரொம்ப அலுப்பாக இருக்கிறது சின்னவளே. வேலையில் நிற்கும்போது அந்தத் தகரக்கால்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வலியில்லை, வீக்கமில்லை, நூறும் ஒரே அளவு. பொறாமையாக இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக்கூடாது. டீ ஆறிப்போயிற்று, எல்லோரும் பார்த்தார்கள்.

நாற்பது நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது, "திரும்பி வரப்போ உங்க கையையும் பார்ப்பாங்க, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அந்தப் பேக்கிங் பெண்ணிடமும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நாப்பது நாள் சோப்புத் தண்ணியா? நல்லா வேணும் உங்களுக்கு! வாங்க, என் பக்கத்துலயே இடம் போட்டு வைக்கிறேன்" என்றாள். மூன்று வருஷத்தில் இங்கே யாரும் எனக்கு இடம் போட்டு வைத்ததில்லை.

என் கை நீ செய்து முடித்த வேலை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து நான் அழுதேன், அது வேறு. ஆனால் அது என் கை அக்கா. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நம் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. நீ கேட்காமலே கொடுத்தாய். நான் கேட்காமலே வாங்கிக்கொண்டேன். உனக்குக் காலுறை வேண்டும் என்றால்கூட அம்மா பெயரில்தான் எழுதினாய். டாக்டர் யாராவது இல்லையா என்று கேட்டபோது, நான் உயிரோடு இருக்கும்போதே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாய். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் புண்ணைவிடப் பெரிதாக வலிக்கிறது. இப்போது நீ வேண்டாம் வேண்டாம் என்னும்போது நான் பாட்டுக்கு வந்து நின்று, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, கை வெடித்து, என்றைக்காவது ஒரு நாள் அதே வாசலில் நின்று உன்னிடம் என் கையை நீட்டிக் காட்டுவேன். நான் உன் தங்கைதானே, காட்டுவேன். அப்போது நீ சொல்வாய், "நான் கேட்டேனா?" என்று. அந்த வாசலில் அது ஒரு தடவை நடந்தது போதும்.

அதனால் நீ கேட்கவேண்டும். ஒரு வரி போதும். இன்னொரு அளவுச் சீட்டு வைத்திருக்கிறேன். உன் காலுக்கு.

சின்னவள்


ஏப்ரல் 24

*அளவுச் சீட்டு*
*(எல்லாக் கட்டங்களையும் நிரப்பவும்)*

*யாருக்கு:* அம்மாவுக்கு என்று எழுதப்போனேன், அடித்திருக்கிறேன் பார். எனக்கு.

*வயது:* 47

*தொழில்:* நிற்பது.

*அளவு எடுத்த நேரம்:* காலை, படுக்கையை விட்டு எழும் முன்.

*அளவு எடுத்தவர்:* அம்மா. உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன், எடுத்துப் படித்துவிட்டாள். என்னைப் படுக்கவைத்து அவளே டேப் பிடித்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தாள். புண்ணையும் பார்த்துவிட்டாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டே "போட்டோவுல நானும் இப்படித்தான் காலை மறைச்சேன்" என்றாள்.

*கணுக்கால்:* வலது 23, இடது 30. போன மாதத்தைவிட ஒன்று கூடியிருக்கிறது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

*கெண்டைக்கால்:* வலது 36, இடது 39.

*குதிகால் முதல் முழங்கால் வரை:* 42. வளரவில்லை.

*தோலில் புண் அல்லது நிறமாற்றம் உண்டா:* உண்டு, இரண்டும். மே 6 அன்று நரம்பை மூட டாக்டர் நாள் குறித்திருக்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

*மாட்டிவிட வீட்டில் ஆள் உண்டா:*

இந்தக் கட்டத்தில்தான் மூன்று நாள் நின்றுவிட்டேன். கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இது மட்டும் காலியாகவே இருக்கட்டும். நீ வந்து உன் கையால் எழுதிக்கொள்.

*எப்படி அனுப்ப வேண்டும்:* தபாலில் வேண்டாம். நீயே கொண்டு வா. கேட்கிறேன்டி.